காச்சோ எ பெப்பே: ஆறாவது தடவை திரளவில்லை

ஐந்து தடவை சீஸ் ரப்பர் உருண்டையாகத் திரண்டு கரண்டியோடு ஒட்டிக்கொண்டது. நேற்று ராத்திரி ஆறாவது தடவை, குழைவாகப் பாஸ்தாவின் மேல் படிந்தது. ரோம்காரர்களின் சமையல் இது. காச்சோ என்றால் சீஸ், பெப்பே என்றால் மிளகு. வெண்ணெய், க்ரீம் எதுவும் கிடையாது. மூன்றே சாமானை வைத்துக்கொண்டு இவ்வளவு படுத்துகிறது.

குற்றம் ஒரு சொல்லில் இருந்தது. இத்தாலியக் குறிப்பின் கடைசி வரியில் 'மந்தெகாரே' என்று இருந்ததை, கிளறுவது என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டு அடுப்பை எரியவிட்டே கிளறினேன். வெண்ணெய், கொழுப்பு என்று பொருள்படும் 'மந்தேகா' என்ற ஸ்பானியச் சொல்லுக்கு உறவு அது. அடுப்பிலிருந்து இறக்கி, பாஸ்தா வெந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சட்டியை உலுக்கி உலுக்கிக் குழைய வைப்பதுதான் மந்தெகாரே. சூடு 65 டிகிரியைத் தாண்டினால் சீஸின் புரதம் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் என்ன செய்தாலும் பிரியாது.

தண்ணீரில் மாவுச்சத்து போதாவிட்டாலும் இதே கதிதான். இதற்காகவே 2025ல் இத்தாலிய இயற்பியலாளர்கள் ஆய்வுக்கட்டுரை எழுதி, இக் நோபலும் (சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு) வாங்கிவிட்டார்கள். சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருக்க வேண்டுமாம். நான் 160 கிராம் சீஸுக்கு 4 கிராம் சோளமாவைத் தண்ணீரில் காய்ச்சிக் கூழாக்கிச் சேர்த்தேன். ரோமில் பாட்டிமார் யாராவது பார்த்தால் அடிக்க வருவார்கள். வரட்டும்.

இன்னொரு கூத்து: 'குவாந்தோ பாஸ்தா' என்று நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தேன். பாஸ்தாவின் அளவு என்றே நினைத்தேன். 'போதுமான அளவு' என்று அர்த்தமாம், நம் 'உப்பு தேவையான அளவு' மாதிரி. உணவு pasta, 'போதும்' என்பது basta; தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இதற்குப் போடும் சீஸ் பெக்கொரீனோ ரொமானோ. அதைத் துண்டாகவே வாங்குங்கள். பெக்கொரா என்றால் செம்மறியாடு. பெயரில் ரோம் இருந்தாலும் பெரும்பகுதி சார்தீனியாத் தீவில்தான் தயாராகிறது. ஒரு கடையில் துருவிய பாக்கெட்டைத் தலையில் கட்டினார்கள். ஒட்டாமலிருக்க அதில் கலந்திருந்த தூள் நாக்கில் மணல் மாதிரி நெருடியது.

அடுத்து கிரிச்சா செய்ய வேண்டும். இதே சமையல்தான், கூடவே குவான்சியாலே. குவான்சா என்றால் கன்னம். பன்றியின் கன்ன இறைச்சியை உப்பில் பதப்படுத்தியது அது. அதற்கு முன்னால் மிளகை ஒழுங்காக வறுக்க வேண்டும், நேற்றும் பாதி கருகிவிட்டது.