பங்குனி முடிவதற்குள்

மார்ச் 27

இன்றும் ட்ரிப் குழாயின் ரோலரைக் கொஞ்சம் இறக்கி, சொட்டைக் குறைத்து வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 29

நைட். மூன்றாம் பெட் பெண்ணுக்கு 20 வயது, தலைப்பிரசவம், வளைகாப்பு வளையல் இரண்டு கையிலும் முழங்கை வரை. வந்தபோது கர்ப்பப்பை வாய் 3 செ.மீ.தான் திறந்திருந்தது, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் நடக்க விட்டிருக்கலாம், ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம். 5 செ.மீ. வந்த பிறகுதான் வலியின் வேகத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும், மணிக்கு 1 செ.மீ. என்பதே எல்லாருக்கும் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018லேயே சொல்லிவிட்டது, மிட்வைஃப் பயிற்சியின் பதினெட்டு மாதமும் எங்களுக்கு அதைத்தான் பாடமாக நடத்தினார்கள். இங்கே அட்மிஷன் போட்ட நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. படுக்க வைத்து, பனிக்குடத்தை உடைத்து, வலியைக் கூட்ட ஆக்ஸிடோசின் ட்ரிப்.

அவளுக்கு வலி வருவதை வயிற்றில் கை வைக்காமலே சொல்லிவிடலாம். கட்டில் கம்பியைப் பிடிப்பாள், வளையல் எல்லாம் சலசலவென்று மணிக்கட்டுக்கு இறங்கும். அப்புறம் அமைதி. பத்து நிமிஷத்துக்கு மூன்று. ஒன்றரை மணிக்கு யாரோ சொட்டைக் கூட்டிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் அமைதியே இல்லை, சலசலப்பு மட்டும்தான். குழந்தையின் துடிப்பு 90க்கு இறங்கியது. ட்ரிப்பை நிறுத்தி இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன், கொஞ்ச நேரத்தில் 130க்கு ஏறியும் விட்டது, ஆனால் அதற்குள் கேஸ் ஷீட்டில் 'ஃபீட்டல் டிஸ்ட்ரெஸ்', குழந்தைக்கு ஆபத்து என்று எழுதியாகிவிட்டது. ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புவதற்கு முன் வளையல்களை ஒவ்வொன்றாக, ஒன்றுகூட உடையாமல் நான்தான் கழற்றினேன். அவள் அம்மா மஞ்சப்பையில் வாங்கிக்கொண்டார்.

குழந்தை பிறந்ததும் வீறிட்டு அழுதது. காலையில் எல்லோரும் "நல்லவேளை, சரியான நேரத்துல எடுத்தாங்க" என்றார்கள். சொட்டைக் கூட்டிய கதை எந்தத் தாளிலும் இல்லை.

ஏப்ரல் 1

அக்கா போன் செய்தாள். ஸ்கேனில் குழந்தையின் கழுத்தில் கொடி சுத்தியிருக்கிறதாம். பிறக்கும் குழந்தைகளில் நாலில் ஒன்று அப்படித்தான் வருகிறது, தலை வெளியே வந்ததும் விரலால் தூக்கி விட்டுவிடுவோம், போன மாதத்திலேயே எத்தனையோ தடவை செய்துவிட்டேன் என்று சொன்னேன். "நீ நர்ஸுதானடி, டாக்டரா?" என்றாள். மாலை போட்டுப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று அத்தை வேறு கிளப்பிவிட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் மாமனே கிடையாது, நாங்கள் இரண்டு பெண்கள்.

பிரசவத்துக்கு டாக்டர் நாள் குறித்தது ஏப்ரல் 24. 14ஆம் தேதியே சித்திரை மாதம் பிறந்துவிடும். சரி, புரிந்துவிட்டது.

ஏப்ரல் 4

தலைப்பிரசவம் என்றால் பிறப்புவாயை வெட்டிவிடக் கத்தரி. கேள்வியே கிடையாது. வலி உச்சத்தில் இருக்கும்போது அந்த நறுக் சத்தம் எனக்குத்தான் பெரிதாகக் கேட்கிறதோ என்னவோ. இன்று கத்தரியை ட்ரேயிலேயே விட்டேன். வெந்நீரில் நனைத்த துணியை ஒத்தி, "முக்காதம்மா, ஊது, ஊது" என்று சொல்லிச் சொல்லி, தலையை மெதுவாக வர விட்டேன். பக்கத்தில் நின்ற சீனியர் சிஸ்டர், "கிழிஞ்சா யாரு தைக்கிறது? நீயா?" என்றார். சின்னச் சிராய்ப்புதான், தையலே தேவைப்படவில்லை. சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு மணிக்குத் தன் வடையில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் 5

தூக்கமில்லை. சலசலவென்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 7

சுகப்பிரசவம்தான். நஞ்சுக்கொடி முழுசாக விழுந்தது. இரண்டு நிமிஷத்தில் ரத்தம் கட்டிலிலிருந்து என் செருப்பில் சொட்டியது. கர்ப்பப்பை பஞ்சு மாதிரி கொழகொழவென்று இருந்தது, தேய்க்கத் தேய்க்க இறுகவில்லை. பி.ஜி. டாக்டர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். ஆக்ஸிடோசின், ரத்தத்தை நிறுத்த டிரானெக்ஸாமிக் ஆசிட், இரண்டு கையிலும் லைன். இருபது நிமிஷத்தில் பிழைத்தாள். நான் இறக்கி இறக்கி வைக்கும் அதே ஆக்ஸிடோசின்தான்.

டாக்டர் கை கழுவிக்கொண்டே, "ஒரு அம்மா செத்தா ஆடிட்ல ஏன் ஆபரேஷன் பண்ணலைன்னு கேப்பாங்க. ஏன் பண்ணினேன்னு இதுவரைக்கும் என்னை யாரும் கேட்டதில்ல" என்றார். 26 வயது இருக்கும், என்னைவிடச் சின்னவர். அவரிடம் சண்டை போடத் தோன்றவில்லை.

ஏப்ரல் 9

அத்தை திருக்கருகாவூர் போய் அக்கா வயிற்றில் தடவ விளக்கெண்ணெய் வாங்கி வந்திருக்கிறார். சுகப்பிரசவம் ஆக வேண்டுமாம். வரும் வழியிலேயே ஜோசியரிடம் ஆபரேஷனுக்கு நேரமும் குறித்தாயிற்று. 12ஆம் தேதி, காலை ஒன்பதேகாலிலிருந்து பத்துக்குள். அம்மன் இதில் எதைக் கேட்பாள்?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 2019-21இல் தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசில் 36. அக்காவுக்கு அனுப்பலாம் என்று டைப் அடித்துவிட்டு அழித்தேன். 24க்கு நாள் இருக்கும் குழந்தையை 39 வாரம்கூட நிறைவதற்கு முன் எடுத்தால் மூச்சுத் திணறல் வரக்கூடும் என்பதை மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஏப்ரல் 10

ரோலர். மாட்டிக்கொண்டேன். மெமோ வரலாம் என்கிறார்கள். வந்தால் வரட்டும்.

ஏப்ரல் 11

அக்கா அழுதாள். "என்னால அவங்கள எதிர்த்துப் பேச முடியலடி. நீ பக்கத்துல இருந்தா போதும்." லீவு கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 12

மூன்றே முக்கால். அக்கா போன். அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறதாம், நடு ராத்திரியிலிருந்து, விட்டு விட்டு. அத்தையை இன்னும் எழுப்பவில்லையாம். வளையல் கையில்தான் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது. போனைத் தலையணையில் வைத்துவிட்டுப் பேசாமல் படு என்றேன்.

முதல் பஸ் ஐந்து மணிக்கு. பேனா ஒரு கையில், போன் காதில். இப்போது ஒன்று வந்து போனது. அமைதி. நாலு நிமிஷம் ஆகிறது, இன்னும் அமைதிதான்