வெயில் பட்டதும் மாறிய பறவை

உத்தராகண்ட் மலையில், சோப்தாவிலிருந்து துங்கநாத் கோயிலுக்கு ஏறும் கல்பாதை. ரோடோடென்ட்ரான் மரங்களுக்குக் கீழே, பாதி கரைந்த பனியில் நின்று ஒரு ஆண் மோனால் (இமயமலையில் வாழும் கோழியினப் பறவை) மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது.

மேகம் மூடியிருந்தவரை கறுப்புக் கோழி போலத்தான் தெரிந்தது.

வெயில் பட்டது. கழுத்தில் செம்பு, முதுகில் பச்சையும் ஊதாவும், வாலில் இலவங்கப்பட்டை நிறம்! அப்படியே நின்றுவிட்டேன்.

இந்த மினுமினுப்பு வெறும் சாயம் இல்லை. இறகுக்குள் இருக்கும் மிக நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் விதம்தான் அது. பறவை லேசாகத் திரும்பினாலே நிறமும் மாறிவிடுகிறது.

ஆனாலும் நான் அதிகநேரம் பார்த்தது அலகைத்தான். வளைந்து, உறுதியாக இருந்தது. கிழங்கு, வேர், பூச்சி எல்லாவற்றையும் அதைக் கொண்டுதான் கிளறி எடுக்கிறது. கோடையில் மரங்கள் முடியும் உயரத்துக்கும் மேலே புல்வெளிவரை போகும். குளிர்காலத்தில் கீழே காட்டுக்குள் இறங்கிவிடும்.

பெண் மோனால் பழுப்பு நிறம், தொண்டை மட்டும் வெள்ளை. தரையில் முட்டையிட்டு, தனியாகவே அடைகாக்கிறது. சருகோடு சருகாகத் தெரியும் அந்த உடல்தான் அதற்குக் காவல். எனக்கு அதுவும் அழகாகவே படுகிறது.

ஆணுக்கோ அழகே ஆபத்தானது. இமாசலத்தில் தொப்பியில் செருகும் கொண்டை இறகுக்காகவே இதைக் கொன்றிருக்கிறார்கள். 1982-இல் அங்கே வேட்டையைத் தடை செய்தார்கள். உயிரோடு நடமாடும்போது இருக்கும் அந்தப் பளபளப்பைப் பார்த்தபின், ஒரு தொப்பிக்காக இதைச் சுட எப்படி மனம் வந்ததென்று எனக்குப் புரியவே இல்லை.