முதல் பெயர், கடைசிப் பெயர்

அக்டோபர் 9, 2024

களப்பணி முடிந்து நாலு மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் புதுக் கோப்பைத் திறந்து "டிராஃப்ட் 1" என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்ததோடு இன்றைய வேலை முடிந்தது.

புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கத்து ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் சர்க்கரை நோய் இருப்பவர்களின் பாதங்களைப் பற்றிய ஆய்வு. மோனோஃபிலமென்ட் என்று ஒரு நைலான் இழை உண்டு. பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும். கண்ணை மூடிக்கொண்டிருப்பவர் "தெரியுது" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் அந்த இடத்தில் உணர்ச்சி போய்விட்டது, ஆணி குத்தினாலும் தெரியாது என்று அர்த்தம்.

அந்த இழையைப் பெரும்பாலும் பிடித்தது களப்பணியாளர் அக்கா. சொல்லிக் கொடுத்தது மட்டும் நான்.

அக்டோபர் 15

பள்ளி, கல்லூரி எல்லாவற்றுக்கும் மழை விடுமுறை. வேளச்சேரியில் எல்லோரும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திவிட்டார்களாம். எனக்குக் காரும் இல்லை, சாக்கும் இல்லை. உட்கார்ந்து எழுதினேன்.

அறிமுகத்தில் ஆரம்பிக்கக் கூடாது என்பது முந்தைய கட்டுரையில் சூடுபட்டுத் தெரிந்துகொண்டது. "நீரிழிவு உலகளாவிய பிரச்சினை" என்று ஆரம்பித்தால் மூன்று பக்கம் ஓடிவிடும், நம் ஆய்வு அதில் எங்கேயும் வராது. இந்த முறை முதலில் அட்டவணைகள், அப்புறம் மெத்தட்ஸ், அதாவது ஆய்வை எப்படிச் செய்தோம் என்ற பகுதி. சாயங்காலத்துக்குள் மெத்தட்ஸ் முடிந்தது.

"பயிற்சி பெற்ற களப்பணியாளர் மூலம் தரவு சேகரிக்கப்பட்டது." அக்காவைப் பற்றி மொத்தக் கட்டுரையிலும் இந்த ஒரு வரிதான். ஆறு மாதம் மாடி மாடியாக ஏறி இறங்கியவர் ஒரு செயப்பாட்டு வினைக்குள் போய்விட்டார். எழுதும்போது இது உறைக்கவே இல்லை. ராத்திரி அக்கா போன் செய்து, "இங்க தண்ணி ஏறிடுச்சு மேடம், நம்ம நோட்டெல்லாம் பரண் மேல வச்சுட்டேன்" என்றபோதுதான் உறைத்தது.

அக்டோபர் 18

அக்கா ஆபீஸுக்கு வந்தார். சும்மா ஒரு தடவை சரிபார்க்கலாமே என்று மெத்தட்ஸைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "காலை 9 முதல் பகல் 1 மணி வரை வீடுகளுக்குச் சென்று" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இல்ல மேடம். அது மொத பதினஞ்சு நாள்தான். ஆம்பளைங்க யாரு காலைல வீட்ல இருக்காங்க? ஆட்டோ ஓட்டுறவங்க, மூட்டை தூக்குறவங்கல்லாம் ராத்திரி ஏழுக்கு மேலதான். ஞாயித்துக்கிழமை கூடப் போனேனே, உங்ககிட்ட சொன்னேனே."

சொல்லியிருக்கிறார். நான் எழுதியது எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுத்த திட்டத்தில் இருந்த நேரம். நடந்தது வேறு. இது சின்ன விஷயம் இல்லை. காலையில் மட்டும் போயிருந்தால் எங்கள் ஆய்வில் ஆண்கள் கிட்டத்தட்ட இருந்திருக்கவே மாட்டார்கள். அப்படியே அச்சாகியிருந்தால் பொய் அச்சாகியிருக்கும்.

அப்புறம் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். எந்த வீடு பூட்டியிருந்தது, எத்தனை தடவை திரும்பப் போனார், யார் என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள் எல்லாம் அதில் தேதியோடு இருக்கிறது. இந்த மாதிரி ஆய்வுகளுக்கு ஸ்ட்ரோப் என்று 22 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் உண்டு, 2007-இல் வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருந்தார்கள், வராதவர்கள் ஏன் வரவில்லை என்று அதன் 13-ஆவது அம்சம் கேட்கிறது. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று ஒரு வாரமாக முழித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு இழை வச்சு மாத்தி மாத்திப் பாத்தேன்னும் போடுங்க. பத்துப் பேருக்கு மேல பாத்தா அது தொவண்டுடும், ஒரு நாள் ரெஸ்ட் குடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க." அதையும் போட்டேன்.

அக்டோபர் 23

ஹெல்சிங்கி பிரகடனத்தின் புதுத் திருத்தம் வந்திருக்கிறது. 1964-இல் எழுதியது, இப்போது 60 வருடம். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கெல்லாம் அதுதான் அடிப்படை. இந்தத் திருத்தத்தில் "சப்ஜெக்ட்" (ஆய்வுக்கு உட்படுத்தப்படுபவர்) என்ற சொல்லை எடுத்துவிட்டு "பார்ட்டிசிபன்ட்" (பங்கேற்பவர்) என்று மாற்றியிருக்கிறார்கள். என் டிராஃப்டில் தேடினால் ஏழு இடத்தில் சப்ஜெக்ட். மாற்றினேன். அக்கா எப்போதுமே "நம்ம வீடுங்க" என்றுதான் சொல்வார்.

அக்டோபர் 29

ஆதர் பட்டியல், அதாவது கட்டுரையின் ஆசிரியர்களாக யார் யார் பெயர் வரும் என்பது. தலைவலி ஆரம்பம்.

நான் முதல், புள்ளியியல் பார்த்த நண்பர் இரண்டாவது, துறைத் தலைவர் சார் கடைசி. சார் ஆய்வை வடிவமைப்பதில் உண்மையாகவே உட்கார்ந்தவர், அதில் குறை சொல்ல முடியாது. இன்று கூப்பிட்டு, வேறு துறையில் இருக்கும் ஒரு பெரியவர் பெயரையும் சேர்க்கச் சொன்னார். "பேரு போடுறதுல என்னம்மா இருக்கு? நமக்கும் நல்லதுதானே." அந்தப் பெரியவர் எங்கள் ஒரு தாளைக்கூடப் பார்த்தவர் இல்லை.

அக்கா பெயரையும் சேர்க்கலாமா என்று பேச்சை எடுத்தேன். சார் சிரித்தார். "பத்தாவது படிச்சவங்கம்மா. அக்னாலெட்ஜ்மென்ட்ல ரெண்டு வரி போடு, சந்தோஷப்படுவாங்க."

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வருடம் என் பதவி உயர்வு ஃபைல் அவர் மேஜை வழியாகத்தான் போக வேண்டும்.

நவம்பர் 2

தீபாவளி முடிந்தது. மெயில் பெட்டியில் வாழ்த்துகளோடு ஒரு "மாண்புமிகு பேராசிரியர்" கடிதமும் வந்திருக்கிறது. ஐந்து நாளில் பிரசுரமாம், பணம் கட்டினால் போதுமாம். நான் கண் மருத்துவத்தில் செய்த அரும்பணியைப் படித்து வியந்தார்களாம். கண்ணுக்கும் எனக்கும் கண்ணாடி வாங்கியதோடு சரி. நீக்கினேன்.

நவம்பர் 9

சேத்துப்பட்டில் ஒரு வேலை. திரும்பும்போது காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலைத் தாண்டி நடந்தேன். 1956-இல் மெட்ராஸ் காசநோய் கீமோதெரபி (மருந்துச் சிகிச்சை) மையமாக ஆரம்பித்தது இதுதான். சானடோரியத்தில் படுக்க வைத்துச் சிகிச்சை தருவதையும், வீட்டிலேயே வைத்து மாத்திரை தருவதையும் 193 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நெரிசலான வீடு, பத்தாத சாப்பாடு, அப்படியிருந்தும் வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவு பலன் தந்தது. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் அந்தக் கட்டுரை வந்தபிறகு உலகத்தில் காசநோய் சிகிச்சையே மாறிப்போனது.

ராத்திரி அதை எடுத்துப் பார்த்தேன். ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு மனிதர் பெயரும் இல்லை, மையத்தின் பெயர்தான் இருக்கிறது. டாக்டர்கள், லேப் ஆட்கள், வீடு வீடாகப் போன சுகாதாரப் பணியாளர்கள் எல்லோரும் அதற்குள் அடக்கம். சமமாக எல்லோரையும் சேர்த்துக்கொண்டதா, சமமாக எல்லோரையும் மறைத்துவிட்டதா? இரண்டும்தான் என்று தோன்றுகிறது. எனக்கு அந்த வழி கிடையாது, எங்கள் துறைக்கு அப்படிப் பெயரும் கிடையாது.

நவம்பர் 13

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவின் விதிகளை முழுசாகப் படித்தேன். 1978-இல் வான்கூவரில் கூடிய ஆசிரியர்களிடமிருந்து வந்த குழு. நாம் மேற்கோள்களுக்குப் போடும் வான்கூவர் பாணியும் அங்கிருந்து வந்ததுதான். ஆதராக நாலு நிபந்தனை: வடிவமைப்பிலோ தரவு சேகரிப்பிலோ அலசலிலோ கணிசமான பங்கு; எழுதுவதிலோ கருத்தாகத் திருத்துவதிலோ பங்கு; இறுதி வடிவத்துக்குச் சம்மதம்; எல்லாவற்றுக்கும் பொறுப்பு. நாலாவது 2013-இல் சேர்த்தது. நாலும் வேண்டும்.

இதைக் காட்டித்தான் களப்பணியாளர்களை வெளியே வைக்கிறோம், அவர்கள் எழுதவில்லையே என்று. ஆனால் அடுத்த பத்தியிலேயே இருக்கிறது: முதல் நிபந்தனையைப் பூர்த்தி செய்தவருக்கு மற்றதில் பங்கெடுக்க வாய்ப்புத் தர வேண்டும், வாய்ப்பே தராமல் தகுதியில்லை என்று சொல்ல இந்த விதியைப் பயன்படுத்தக் கூடாது. பத்தாவதா, டாக்டர் பட்டமா என்று எங்கேயும் கேட்கவில்லை.

நவம்பர் 16

இரண்டு சாயங்காலமாக அக்காவுக்கு முழுக் கட்டுரையையும் தமிழில் சொன்னேன். முடிவுகளுக்கு என்ன அர்த்தம் என்று அலசும் டிஸ்கஷன் பகுதியில் "வீட்டுக்குள் செருப்பு அணிவது குறைவு, விழிப்புணர்வு இல்லாமையைக் காட்டுகிறது" என்று எழுதியிருந்தேன். அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"அவங்களுக்குத் தெரியும் மேடம். நீங்க சொல்லி, நான் சொல்லி, நர்ஸம்மா சொல்லி எல்லாம் தெரியும். ஒரே ரூம். அதுலயே அடுப்பு, அதுலயே சாமி படம். எப்படி செருப்பு போட்டுக்கிட்டு நடப்பாங்க? நீங்க நடப்பீங்களா?"

நடக்க மாட்டேன். அந்தப் பத்தியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். கட்டுரையிலேயே உருப்படியான பத்தி இப்போது அதுதான். இரண்டாவது நிபந்தனைக்கு இதைவிட என்ன வேண்டும்?

நவம்பர் 19

சாரிடம் போனேன். கை நடுங்கியது, காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு ஆதரும் என்ன செய்தார் என்று இதழ் தனியாக எழுதிக் கேட்கிறது, கையெழுத்தும் வேண்டும், பெரியவருக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். "அவரையே கேளு" என்று போனைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "எனக்கு இதுல சம்பந்தமே இல்லையேம்மா. என் பேரு எதுக்கு?" சார் அவரைக் கேட்கவே இல்லை! மூன்று வாரம் தூக்கம் கெட்டது இதற்காகத்தான்.

அக்கா விஷயத்தில் சார் டிஸ்கஷனைப் படித்துவிட்டு, "செருப்புப் பத்தி யாரு எழுதினது?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "மூணாவதா போடு" என்றார். முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 21

இதழின் தளத்தில் ஏற்ற உட்கார்ந்தேன். தலைப்புப் பக்கம் தனி, யார் எழுதியது என்று மதிப்பிடுபவர்களுக்குத் தெரியாமலிருக்கப் பெயர்கள் இல்லாத பிரதி தனி, அட்டவணைகள் தனி, கவர் லெட்டர், எத்திக்ஸ் ஒப்புதல் எண், ஸ்ட்ரோப் பட்டியலில் 22-க்கும் பக்க எண். இதெல்லாம் சலிப்புதான், ஆனால் ஓடிவிடும்.

மாட்டிக்கொண்டது "கடைசிப் பெயர்" என்ற கட்டத்தில். சிவப்பு நட்சத்திரம், விட்டுவிட்டுப் போக முடியாது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? என் முதல் கட்டுரையில் அப்பாவின் இனிஷியலைப் போடுவதா, அவர் முழுப் பெயரைப் போடுவதா என்று குழம்பி, இரண்டாவதில் மாற்றிப் போட்டு, இன்றுவரை தேடினால் இரண்டு பேராக இருக்கிறேன். ஆர்க்கிட் என்ற 16 இலக்க எண் வாங்கிய பிறகுதான் இரண்டும் ஒன்று சேர்ந்தன.

அக்காவுக்குப் போன் செய்தேன். ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல், பத்தாவது மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல். எதைப் போட?

"மார்க் ஷீட்ல இருக்கறதே போடுங்க மேடம். இந்த நோட்டெல்லாம் எழுதுனது அந்தப் படிப்புதானே."

நவம்பர் 26

திரும்பி வந்துவிட்டது. நிராகரிப்பு இல்லை, ஆரம்ப நிலைச் சோதனையிலேயே. அப்ஸ்ட்ராக்ட் (கட்டுரைச் சுருக்கம்) 250 சொல் இருக்க வேண்டிய இடத்தில் 263. பெயர்கள் இல்லாத பிரதியில் "எங்கள் களப்பணியாளரின் நோட்டு" என்ற இடத்தில் அக்காவின் இனிஷியல் இருந்ததாம். மறைக்கச் சொல்கிறார்கள்! சிரித்துவிட்டேன்.

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல். விமான நிலையமே மூடிவிட்டார்கள். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. போன் ஹாட்ஸ்பாட்டில் 13 சொல்லைக் குறைத்து, இனிஷியலை எடுத்து, பிடிஎஃப் உருவாகும் வரை அந்தச் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி 9.40-க்குச் சம்மதம் அழுத்தினேன்.

டிசம்பர் 11

"எடிட்டரிடம் உள்ளது." பத்து நாளாக இதே வரிதான். ஒரு நாளைக்கு நாலு தடவை பார்க்கிறேன், கேவலம்தான்.

அக்கா போன் செய்தார், கட்டுரையைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். நாலாவது மாடிப் பாட்டிக்கு எம்.சி.ஆர் செருப்பு, அதாவது உணர்ச்சி போன பாதத்தைக் காக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு, வந்துவிட்டதாம். வாங்கி, மஞ்சள் பையில் சுற்றி, சாமி படத்துக்குக் கீழேயே வைத்திருக்கிறாராம். வெளியே போகும்போதும் போடவில்லை, அழுக்காகிவிடுமாம்.

சனிக்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.