தூக்குக்குண்டு தொங்கும் படம்

ஒன்பது வருஷம் கல்யாண வீடுகளில் படம் எடுத்துவிட்டுத்தான் கட்டடங்கள் பக்கம் வந்தேன். கட்டடம் கண்ணை மூடாது, பந்திக்கு எழுந்து போகாது, சுலபமான வேலை என்று நினைத்தேன். முதல் மாதமே தெளிந்துவிட்டது. மணப்பெண்ணின் தலை லேசாகச் சாய்ந்திருந்தால் அழகு என்பார்கள். சுவர் லேசாகச் சாய்ந்திருந்தால் பாக்கிப் பணம் வராது.

சுவர் சாய்வதற்குக் காரணம் எளிது. உயரமான கட்டடம் அடங்க வேண்டுமென்று கேமராவை அண்ணாந்து பிடிக்கிறோம். கேமராவுக்குள் படம் பதிகிற சென்சார் சுவருக்கு இணையாக இல்லாமல் போக, செங்குத்துக் கோடுகள் மேலே நெருங்கி, கட்டடம் மல்லாந்து விழுகிற மாதிரி தெரிகிறது. ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால் கேமராவை மட்டமாக வைத்துவிட்டு லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். நிக்கான் 1962-லேயே 35 எம்.எம். கேமராவுக்கு அப்படி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. எனக்கு வாடகைக்கு எடுக்கத்தான் கட்டுப்படியானது. மற்ற நாளெல்லாம் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம்தான் கதி. நிமிர வேண்டிய இரண்டு விளிம்புகளின் மேல் கோடு இழுத்தால் அது படத்தை நிமிர்த்திவிடும். மேல்பாகம் இழுபட்டு ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால், எடுக்கும்போதே சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுக்க வேண்டும்.

இந்த வசதி என்னைக் கெடுத்தது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை எடுத்து வந்து, பழக்க தோஷத்தில் அதன் இரண்டு சரிந்த விளிம்புகளிலும் கோடு போட்டேன். திரையில் விமானம் அலமாரி மாதிரி எழுந்து நின்றது. உச்சியில் இருந்த சிகரம் பூசணிக்காயாக உப்பிவிட்டது. அது சரிந்து குறுகத்தான் கட்டப்பட்டிருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், இருந்தும் போட்டேன். கீழே இரண்டு அடுக்குக்குச் சுவர் செங்குத்தாக எழுகிறது. கோடு போட வேண்டிய இடம் அதுதான்.

அதற்கப்புறம்தான் செட்டிநாட்டு வேலை வந்தது. நூறு வருஷத்தைத் தாண்டிய வீடு. படம் கேட்டவர் ஓர் ஆர்க்கிடெக்ட். பழைய வீடுகளைப் பழுது பார்ப்பவர். "வீடு முழுக்க எடுத்துக் கொடுங்க" என்று மட்டும் சொன்னார். எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

அந்த வீடுகளில் தெருவாசலில் நின்றால், முகப்பு, முற்றம் சூழ்ந்த வளவு, இரண்டாம் கட்டு என்று வாசல் நிலைக்குள் நிலையாகப் பார்வை பின்வாசல் வரை போகும். படமெடுப்பவனுக்கு அது விருந்து, சோதனையும்கூட. ஸ்டாண்ட் ஒரு விரல்கடை விலகினாலும் நிலைகள் ஒன்றுக்குள் ஒன்று உட்காராது. ஒரு பக்கம் கட்டை தடித்துத் தெரியும், மறுபக்கம் மறைந்துவிடும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் இணைப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஸ்டாண்டை நகர்த்தினேன். பாதி தூரம் போனதும்தான் தெரிந்தது, அந்தக் கோடே நேராக இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் கையால் வார்த்து, கையால் பதித்த கல். கொஞ்சம் அலையத்தான் செய்யும். கடைசியில் நிலைகளையே நம்பினேன். ஒரே ஒரு ஃப்ரேமுக்கு முக்கால் மணி நேரம். அந்த வீட்டு ஆச்சி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "இன்னுமா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெளிச்சம் இன்னொரு தொல்லை. முற்றத்தில் உச்சி வெயில், பட்டகசாலையில் அரை இருட்டு, உள்ளே மஞ்சள் பல்பு. வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் மூன்று எக்ஸ்போஷர் எடுத்துப் போட்டோஷாப்பில் அடுக்கினேன். நிழலை முழுக்கத் தூக்கினால் வீடு நகைக்கடை ஆகிவிடும் என்று பாதியில் நிறுத்தினேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவருக்கு ஈரம் காயாத மாதிரி ஒரு மினுக்கு உண்டு. படத்தின் கூர்மையை எடுப்பாக்கும் கிளாரிட்டியை நாலு புள்ளி கூட்டினாலே அது செத்துச் சிமெண்டாகிவிடும். கொடியில் கிடந்த துண்டு, மூலையில் பிளாஸ்டிக் வாளி, இவற்றை மட்டும் அழித்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வளவில் வரிசையாக நின்ற தேக்குத் தூண்களில் மூன்றாவது மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. வரிசையின் ஓட்டத்தைக் கெடுக்கிறதே என்று அதை மட்டும் தேர்ந்தெடுத்து இழுத்து நிமிர்த்தினேன். மேலே உத்தரம் சேரும் இடத்தையும் ஒட்டுப் போட்டு மறைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியாது. அந்த வேலையில் எனக்கே கொஞ்சம் பெருமை.

படங்களைப் பார்த்துவிட்டு அவர் போன் செய்தார். திட்டவில்லை. "மூணாவது தூண் என்னாச்சு?"

"நேராக்கிட்டேன் சார்."

"அது எவ்வளவு சாஞ்சிருக்குன்னு காட்டத்தான் உங்களைக் கூட்டிட்டுப் போனேன்."

ஓட்டில் ஒழுகிய தண்ணீர் அடிக்கல்லுக்குள் இறங்கித் தூணை அசைத்திருக்கிறதா என்பதுதான் அவருடைய சந்தேகம். அதைக் காட்ட வேண்டிய சாட்சியை நான் திருத்திவிட்டேன். மூலப்படத்தை அனுப்புகிறேன் என்றேன். அதிலும் சிக்கல். அகன்ற லென்ஸ், கேமராவும் சற்று அண்ணாந்திருந்தது. எத்தனை சாய்வு தூணுடையது, எத்தனை என்னுடையது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

மறுபடி போனோம், என் செலவில். இந்தத் தடவை ஷிஃப்ட் லென்ஸ், கேமராவின்மேல் ரசமட்டம். கூட வந்த கொத்தனார் என் ஏற்பாட்டையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பையிலிருந்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்துப் பார்க்கிற இரண்டு தூக்குக்குண்டுகளை எடுத்தார். ஒன்றை மூன்றாவது தூணின் தலையிலிருந்தும், இன்னொன்றை முற்றத்தின் எதிர்மூலையிலும் தொங்கவிட்டார். குண்டு ஆடி நிற்கும்வரை மூவரும் பேசாமல் காத்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு நூல்களின்மேல்தான் கோடு போட்டேன். படம் மயிரிழைதான் நகர்ந்தது. மூன்றாவது தூணின் தலையை ஒட்டிப் புறப்பட்ட நூல், அடிக்கல்லுக்கு வரும்போது மரத்தைவிட்டு இரண்டு விரல் தள்ளி நின்றது. கொடியில் அன்றைக்கும் ஒரு துண்டு கிடந்தது. அதை அழித்தேன், நூலைத் தொடவில்லை.