சுவரை விடுங்கள், உயரத்தைப் பாருங்கள்

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. வவுனியாவில் 2021இல் தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. இவற்றின் அயலில் ஆய்வுகூடமும் மென்பொருள் கம்பனியும் ஒரே கூரையின் கீழ் இருக்க ஒரு கட்டடம் வேண்டுமென்றால், முதலில் வரும் கோரிக்கை "எப்பவும் மாத்தக்கூடிய மாதிரி" என்பதுதான். உடனே எல்லாரும் நகர்த்தும் சுவரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

சுவர் பெரிய விஷயமில்லை, ஒரு கிழமையில் இடித்துக் கட்டலாம். பிறகு கைவைக்க முடியாதவை தூண் இடைவெளி, தளத்தின் உயரம், அது தாங்கும் பாரம், குழாய்கள் மேலேறும் துளை ஆகியவை. ஆய்வுகூடத்தில் இருபக்கமும் மேசை போட்டு நடுவே ஆள் நடக்க 3.3 மீற்றர் வேண்டும். அதில் இரண்டு சேர்ந்தால் 6.6 மீற்றர், அதுவே தூண் இடைவெளி. அலுவலகமும் அதற்குள் சிரமமின்றி அடங்கும். பாரத்துக்கு அலுவலகக் கணக்கான சதுர மீற்றருக்கு 2.5 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 250 கிலோ எடை) போதாது, 4 அல்லது 5 வையுங்கள். தளத்துக்குத் தளம் 4.2 மீற்றர் வேண்டும். செலவைக் குறைக்கும் கூட்டத்தில் முதல் வெட்டு இந்த உயரத்தில்தான் விழும். பிறகு காற்றுக்குழாய் உத்திரத்தின் அடியில் முட்டும்போது ஒன்றும் செய்ய முடியாது.

ஆய்வுகூடத்தில் நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கதவுப் பெட்டியான ஃபியூம் ஹூட் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அகலம் 1.5 மீற்றர், கண்ணாடி அரை மீற்றர் திறந்திருக்கிறது, காற்று செக்கனுக்கு 0.5 மீற்றர் வேகத்தில் உள்ளே போகிறது. மணித்தியாலத்துக்கு 1,350 கன மீற்றர். அத்தனையும் ஏசி குளிராக்கிய காற்று, கூரைக்கு மேலே வீணாகப் போகிறது. கண்ணாடியை இறக்கினால் விசிறியும் வேகம் குறையும் அமைப்பைப் போடாவிட்டால், கூரையில் எத்தனை சோலார் தகடு வைத்தும் கணக்கு நேராகாது. ஹூட்டுகளைச் சிதறவிடாமல் மேலேறும் துளையை ஒட்டி ஒரே வரிசையில் வையுங்கள். துளையில் மூன்றிலொரு பங்கு வெறுமையாக இருக்கட்டும். கொங்கிறீற் போடும்போதே அடுத்த துளைகளுக்கும் சட்டம் வைத்து மெலிந்த கலவையால் அடைத்துவிட்டால், பின்னாளில் யாரும் கம்பியை அறுக்க மாட்டார்கள்.

வெயில் இங்கே இரு பக்கமும் அடிக்கும். நாம் இருப்பது வட அகலக்கோடு 9 பாகையை ஒட்டி. சித்திரைப் புத்தாண்டையொட்டி உச்சிச் சூரியன் தலைக்கு மேல் வந்து, ஓகஸ்ற் கடைசிவரை வடக்கே நிற்கிறது. அதனால் "வடக்கு யன்னலுக்கு நிழல் தேவையில்லை" என்ற பாடம் வன்னிக்குப் பொருந்தாது. 1.5 மீற்றர் யன்னலுக்குத் தெற்கே ஒரு மீற்றர், வடக்கே 40 சென்ரிமீற்றர் நிழல்தட்டு போதும். கிழக்கு மேற்கில் படிக்கட்டு, களஞ்சியம், மலசலகூடம். சோளகம் செம்மண் தூசியை அள்ளி வருவதால், காற்றெடுக்கும் வாயைத் தென்மேற்கில் வைத்தால் வடிகட்டி அடிக்கடி அடைபடும்.

கிணற்று நீர் பல இடங்களில் சுண்ணாம்பு மிகுந்த வன்னீர்; ஆய்வுகூடத்தில் நீரைக் காய்ச்சி வடிக்கும் கருவியில் வெள்ளைப் படிவு கட்டும். மழைநீர் நல்லது. 1,000 சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் பெய்தால் 1,000 லீற்றர். ஆனால் பெரும்பங்கு மாரியில் கொட்டிவிட்டு நின்றுவிடும். ஆகவே தாங்கியின் அளவை மழையைப் பார்த்தல்ல, வறட்சியைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்: நாளுக்கு 1,000 லீற்றர், 150 நாள் என்றால் 150 கன மீற்றர். கூரையைக் கழுவிவரும் முதல் மழையைத் தாங்கிக்குள் விடக்கூடாது.

நுணுக்குக்காட்டிகளைக் கீழ்த்தளத்தில், சுற்றிவர இடைவெளி விட்ட தனித் தளத்தில் வைப்பது வழக்கம். ஏ9 வீதியின் லொறியும் அருகே ஓடும் புகையிரதமும் அதிர்வு தரும். முருங்கன், துணுக்காய்ப் பக்கக் கரிய களியில் இது தனித் தொல்லை. மாரியில் களி ஊதி அந்தத் தளத்தையே தூக்கிவிடும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அங்கே களியை வெட்டியெடுத்துக் கிரவல் நிரப்பி இறுக்கிய பிறகே கொங்கிறீற். கறையான் மருந்தையும் அந்த வேளையிலேயே மண்ணுக்கு அடித்துவிட வேண்டும். ஜிப்சம் பலகையின் கடதாசியையும் கறையான் விடாது.