ஊசி போட்ட கை தூக்க முடியலைங்களா?

தடுப்பூசி போட்ட கை ரெண்டு மூணு நாள் கனக்கிறது இயல்புங்க. ஆனா 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்ச வலி வாரக்கணக்கில் நீடிச்சு, விசைத்தறியில் அறுந்த இழையைப் பிணைக்கவோ தலை சீவவோ கை எழும்பலைன்னா, பெரும்பாலும் ஊசி இறங்கின இடம்தான் கோளாறு.

தோள் எலும்பின் விளிம்பைத் தொட்டுப் பாருங்க. அதுக்கு ரெண்டு மூணு விரல் கீழே, சதை தடிச்ச இடத்தில், 90 டிகிரியில் குத்தணும். அதைவிட மேலே போனா, தசைநாருக்கு மேலிருக்கிற நீர்ப்பைக்குள் (தோள் உராயாம அசைய உதவுற சின்ன திரவப் பை) மருந்து இறங்கி அழற்சி வரும். ரவிக்கைக் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டுறதுதான் பெரிய வினை. கைப்பக்கத்தை முழுசாக் கழட்டிடுங்க. போடுறவங்களும் உட்கார்ந்து போட்டா உசரம் தப்பாது.

வலிக்குதுன்னு கையை அசைக்காமலே வெச்சிருந்தா தோள் இறுகிடும், சர்க்கரை உள்ளவங்களுக்கு இன்னும் சீக்கிரம். நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிஞ்சு, வலிக்கிற கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமா ஆட்டுங்க. எண்ணெய் போட்டு முறுக்கித் திருகுறது வேண்டவே வேண்டாம். வாரம் தாண்டியும் குறையலைன்னா எலும்பு மருத்துவரைப் பாருங்க. அல்ட்ராசவுண்டில் நீர்ப்பை வீக்கம் தெரியும். ஸ்டீராய்டு ஊசி போட்டா சில நாள் சர்க்கரை ஏறும், அளந்துக்குங்க. காய்ச்சலோ சீழோ இருந்தா அன்னிக்கே போகணும். அடுத்த தடுப்பூசியைத் தவிர்க்காதீங்க, மறு கையில் போட்டுக்கலாமுங்க.