ஹ்லாவ்தி நிரப்பிய படிவம்

தென்னாப்பிரிக்காவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி. என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு வேலை விண்ணப்பப் படிவம்தான். 1995-இல் ஹ்லாவ்தி மொட்சொனெங் என்பவர் நிரப்பிக் கொடுத்த படிவம் அது. பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கில் தேறியதாகவும், பாடவாரியாக இன்னின்ன தரம் பெற்றதாகவும் அதில் எழுதியிருந்தார். உண்மையில் அவர் மெட்ரிக் தேறவில்லை. தரங்களும் அவரே இட்டுக்கொண்டவை. பின்னாளில் விசாரணையில் கேட்டபோது, எதையாவது எழுதி நிரப்பும்படி அலுவலகத்திலிருந்த ஓர் அம்மையார் சொன்னதாகவும், அதனால் எழுதியதாகவும் பதிலளித்தார். பொய்யை மறுக்காமல், அதை அலுவலக நடைமுறையாக மாற்றிவிடும் அந்தப் பதிலில் அவருடைய பிற்காலம் முழுவதும் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துக்காரரான அவர், புளூம்ஃபொன்டெயின் நகரிலிருந்து செசோத்தோ மொழியில் ஒலிபரப்பாகும் லெசெடி எஃப்.எம். வழியாக வளர்ந்து, 2011-இல் நிறுவனத்தின் தற்காலிகத் தலைமைச் செயல்பாட்டு அதிகாரியானார். ஒரே நிதியாண்டில் அவருடைய ஆண்டுச் சம்பளம் 15 லட்சம் ராண்டிலிருந்து 24 லட்சம் ராண்டாக உயர்ந்தது. 2014 பிப்ரவரியில், பொதுப் பாதுகாவலர் என்ற அரசியலமைப்புப் பதவியில் இருந்த துலி மடோன்செலா, போலித் தகுதி, முறையற்ற சம்பள உயர்வு, ஹ்லாவ்தி தமக்கு எதிராகப் பேசிய ஊழியர்களை வெளியேற்றியது ஆகிய அனைத்தையும் அறிக்கையாக வெளியிட்டு, அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கச் சொன்னார். நிறுவனமோ அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது. அந்த ஆண்டு ஜூலையில் தகவல் தொடர்பு அமைச்சர் ஃபெய்த் முத்தாம்பி அவரை அதே பதவியில் நிரந்தரமாக்கினார். அதற்குப் பரிந்துரைத்த ஆட்சிக்குழுவின் தலைவர் எலன் ட்சபலாலாவும், பெறாத பட்டங்களைப் பெற்றதாகச் சொன்ன குற்றச்சாட்டில் சிக்கி அந்த டிசம்பரில் விலகினார் என்று ஒரு கதாசிரியர் எழுதியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

அப்போது எதிர்க்கட்சியாக இருந்த ஜனநாயகக் கூட்டணி நீதிமன்றம் சென்றது. இந்த விவகாரத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தப் பகுதிதான். பொதுப் பாதுகாவலர் சொல்வது வெறும் பரிந்துரையா, கட்டாயமா என்பது அதுவரை தெளிவாகாத கேள்வி. பரிந்துரைதான், ஏற்பதும் தள்ளுவதும் எங்கள் விருப்பம் என்பதே நிறுவனத்தின் வாதம். 2015 அக்டோபரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், முகமது நவ்சா, விஸ்வநாதன் பொன்னன் ஆகிய நீதிபதிகள் எழுதிய தீர்ப்பில், நீதிமன்றம் ரத்து செய்யாத வரை அந்த உத்தரவு கட்டுப்படுத்தும் என்று அறிவித்தது. ஹ்லாவ்தி வானொலியில் காலூன்றிய அதே புளூம்ஃபொன்டெயினில்தான் அந்த நீதிமன்றமும் இருக்கிறது. 2016 மார்ச் 31 அன்று அரசியலமைப்பு நீதிமன்றமும் அதே நிலைப்பாட்டை எடுத்தது. ஆனால் அந்த வழக்கில் எதிர்த்தரப்பில் நின்றவர் குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஜூமா. தம் ங்காண்ட்லா இல்லத்தில் அரசுச் செலவில் செய்துகொண்ட வேலைகளுக்காக ஜூமா 78 லட்சம் ராண்ட் திருப்பிக் கட்ட நேர்ந்தது. ஒரு வேலைப் படிவத்தைக் காப்பாற்ற நடத்திய வழக்கு குடியரசுத் தலைவரைக் கட்டிய கயிற்றுக்கு முதல் முறுக்குப் போட்டது. ஹ்லாவ்தியையோ, நிறுவனத்தின் சொந்த ஒழுங்கு விசாரணை 2015 டிசம்பரில் குற்றமற்றவர் என்று விடுவித்தது!

அவருடைய செல்வாக்கு உச்சத்தைத் தொட்டது 2016-இல். மே மாதத்தில், நிறுவனத்தின் 18 வானொலி நிலையங்களிலும் 90 சதவீதம் உள்நாட்டு இசையே ஒலிக்க வேண்டும் என்று அறிவித்தார். பல கலைஞர்கள் மனமார வரவேற்றார்கள். வெளிநாட்டுப் பாடல்களுக்கு நடுவே தங்கள் குரல் கேட்காமல் போன வருத்தம் அவர்களுக்கு நெடுநாளாக இருந்தது, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் டர்பனிலிருந்து இந்திய வம்சாவளியினருக்காக ஒலிபரப்பும் லோட்டஸ் எஃப்.எம். போன்ற நிலையத்தை எண்ணிப் பாருங்கள். அதன் நேயர்கள் வானொலியைத் திருகுவதே தமிழ், இந்தித் திரைப்பாடல்களுக்காக. உள்ளூரில் பதிவான இந்தியப் பாடல்களைக் கொண்டு நாள் முழுவதையும் நிரப்புவது எப்படி என்று உத்தரவு போட்டவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதே மாத இறுதியில், போராட்டங்களில் பொதுச்சொத்து எரிக்கப்படும் காட்சிகளை ஒளிபரப்பக் கூடாது என்ற உத்தரவு வந்தது. உள்ளாட்சித் தேர்தலுக்கு இரண்டே மாதம்தான் இருந்தது. இப்போக்கை எதிர்த்த எட்டுச் செய்தியாளர்களை நிறுவனம் பணிநீக்கம் செய்தது. ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் தடையை விலக்கச் சொல்லியது. நீதிமன்றங்களின் துணையோடு செய்தியாளர்களும் திரும்பினார்கள். அந்த எண்மரில் ஒருவரான சூனா வென்ட்டர், தொடர் மிரட்டல்களுக்கும் தாக்குதல்களுக்கும் ஆளாகி, 2017 ஜூனில் 32 வயதில் இதயக் கோளாறால் இறந்தார். ஹ்லாவ்தியின் விநோதப் பேச்சுகளைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

நீதிமன்றம் ஒரு பதவியைப் பறித்தால் நிறுவனம் இன்னொரு நாற்காலி போட்டது; அந்த நியமனமும் 2016 டிசம்பரில் ரத்தானது. 2017 ஜூனில்தான் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். தனக்கு மக்கள் ஆதரவு இருக்கிறது, எதிர்ப்பதெல்லாம் பத்திரிகைகளும் வழக்கறிஞர்களும் மட்டுமே என்று அவர் விடாமல் சொல்லிவந்தார். 2018 டிசம்பரில் ஆப்பிரிக்கன் கன்டென்ட் மூவ்மென்ட் என்ற கட்சியைத் தொடங்கியபோது, இசைக்குச் சொன்ன அதே உள்நாட்டுத்தன்மையை நாட்டுக்கே கொள்கையாக்கினார். 2019 மே தேர்தலில் பதிவான ஏறத்தாழ 1.74 கோடி செல்லுபடியான வாக்குகளில் அவருடைய கட்சிக்கு 5,000 கூடத் தேறவில்லை. பதினெட்டு வானொலி நிலையங்களை விரலசைவில் ஆட்டிவைத்தவருக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இருக்கையும் இல்லை.

2021 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் இன்னொரு கணக்கையும் எடுத்தது. மல்டிசாய்ஸ் என்ற கட்டணத் தொலைக்காட்சி நிறுவனத்துடன் ஒப்பந்தம் முடித்ததற்காக, எஸ்.ஏ.பி.சி. அவருக்கு ஏறத்தாழ 1.15 கோடி ராண்டை வெற்றிக் கட்டணம் என்ற பெயரில் கொடுத்திருந்தது. அதை வட்டியுடன் திருப்பிச் செலுத்தும்படி தீர்ப்பு வந்தது. அவருக்கு விழுந்த ஒவ்வொரு வாக்குக்கும் வகுத்துப் பார்த்தால் 2,300 ராண்டுக்கு மேல் வருகிறது.